போர்ட்ரெய்ட் மேல் டெக்ஸ்சர் லேயர் வைத்தால் முகம் அழுக்காகிறது, ஏன்?

கரித்துண்டு:
பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த போர்ட்ரெய்ட், 24 மெகாபிக்சல். பின்னணி மங்கலான பச்சை. அதன் மேல் காரை பெயர்ந்த சுவர்ப் படத்தை ஓவர்லே மோடில் (கீழே உள்ள படத்தோடு கலக்கும் ஒரு முறை) 60% ஒபாசிட்டியில் வைத்திருக்கிறேன். பின்னணி அருமையாக வருகிறது. முகத்தில் மட்டும் தேமல் படர்ந்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது, தோலும் மஞ்சளடிக்கிறது. ஒபாசிட்டியை 20%க்கு இறக்கினால் சுவர் இருந்ததே தெரியவில்லை. முகத்தில் அழித்துவிட்டால் தலையை வெட்டி ஒட்டியது போலாகிறது. போட்டோஷாப்தான் பயன்படுத்துகிறேன்.

நடுச்சாம்பல்:
ஒபாசிட்டியில் கை வைக்காதீர்கள், கோளாறு டெக்ஸ்சர் படத்திலேயே இருக்கிறது. ஓவர்லே, சாஃப்ட் லைட் இரண்டுக்கும் 50% சாம்பல் (0 முதல் 255 வரையான அளவில் 128) என்பது பூஜ்யம், அது எதையும் மாற்றாது. அதைவிட வெளிறிய இடம் கீழே உள்ள படத்தை வெளுக்க வைக்கும், கருத்த இடம் கருக்க வைக்கும். சுவர்ப் படத்தின் ஒரு மூலை வெளிச்சமாகவும் மறு மூலை இருட்டாகவும் இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே முகத்தில் இறங்கும். மஞ்சள் வருவது சுவரின் நிறத்தால்.

டெக்ஸ்சர் லேயரில் முதலில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+யூ அழுத்தி நிறத்தை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபில்டர் மெனுவில் அதர், ஹை பாஸ் (பரந்த வெளிச்ச ஏற்றத்தாழ்வை நீக்கி நுணுக்கங்களை மட்டும் விடும் ஃபில்டர்). 24 மெகாபிக்சலுக்கு ரேடியஸ் 80 முதல் 150 பிக்சல். 10, 15 என்று வைத்தால் விரிசல் கோடுகள் மட்டும் மிஞ்சும், காரைத் திட்டுகள் போய்விடும். ஹை பாஸ் முடிந்ததும் படம் முழுக்கச் சாம்பலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். லெவல்ஸில் கருப்பு முனையை 60க்கும் வெள்ளை முனையை 195க்கும் கொண்டுவாருங்கள். இரண்டும் 128இலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், அதனால் நடுப்புள்ளி நகராது. இப்போது சாஃப்ட் லைட் போட்டால் 70% வரை போனாலும் எக்ஸ்போஷர் மாறாது.

கான்ட்ராஸ்ட் ஏறுவதால் தோலின் நிறச்செறிவும் கொஞ்சம் ஏறும். மூலப் படத்தின் நகல் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே கலர் மோடில் வைத்து, மாஸ்க் (லேயரில் வெள்ளை இடம் தெரியும், கருப்பு இடம் மறையும்) போட்டுத் தோலில் மட்டும் காட்டினால் பழைய நிறம் திரும்பிவிடும்.

மாஸ்க்மணி:
மேலே சொன்னது சரி, ஆனால் அது மட்டும் போதாது. சீரான டெக்ஸ்சரும் கன்னத்தில் விரிசலாகத்தான் தெரியும். லேயரை இரண்டு முறை கிளிக் செய்தால் கீழே 'பிளெண்ட் இஃப்' இருக்கும், வெளிச்ச அளவைப் பார்த்து லேயரை மறைக்கும் வசதி அது. பலரும் கிரேயிலேயே (மொத்த வெளிச்சம்) விட்டுவிடுகிறார்கள். மாநிறம், கருப்புத் தோலுக்கு அது சொதப்பும், ஏனென்றால் முகமும் பின்னணியும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கலாம். ரெட் சேனலை (படத்தின் சிவப்பு ஒளி அளவு மட்டும்) தேர்ந்தெடுங்கள். எந்த நிறத் தோலானாலும் சிவப்புச் சேனலில்தான் அதிக வெளிச்சமாக இருக்கும். உங்கள் பின்னணி பச்சை என்பதால் பிரிவது சுலபம். (செங்கல் சுவர், மரக் கதவு முன் எடுத்த படத்தில் இந்த வித்தை பலிக்காது.) 'அண்டர்லையிங் லேயர்' வெள்ளை முனையை ஆல்ட் அழுத்தி இரண்டாகப் பிரித்து 130, 200 அருகில் வைத்துப் பாருங்கள். பிரிக்காமல் இழுத்தால் ஓரம் பிசிறடிக்கும்.

மீதியை மாஸ்க்கில்: ஹார்ட்னஸ் 0%, ஃபுளோ 10% பிரஷ்ஷால் கருப்பு. கடைசியில் ப்ராப்பர்ட்டீஸில் மாஸ்க் டென்சிட்டியை 75% ஆக்குங்கள். முழுக்கக் கருப்படித்த இடத்திலும் கால்வாசி டெக்ஸ்சர் தங்கும். வெட்டி ஒட்டிய தோற்றம் வருவதே அந்தக் கால்வாசி இல்லாததால்தான். கண்ணையும் உதட்டையும் தனியாக, முழுதாகத் துடைத்துவிடலாம்.

ஓரவெளிச்சம்:
ஒருவரும் ஃபோகஸைப் பற்றிப் பேசவில்லையே. பின்னணி மங்கல் என்கிறீர்கள். அதன் மேல் ஊசி முனை போலக் கூர்மையான விரிசல் விழுந்தால் லென்ஸ் கண்ணாடியில் கீறல் விழுந்த மாதிரிதான் தெரியும். டெக்ஸ்சரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி காஸியன் பிளர் 2, 3 பிக்சல் கொடுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றலாம். இணையத்தில் எடுத்த 1500 பிக்சல் டெக்ஸ்சரை 6000க்கு இழுத்திருந்தால் பிளரே வேண்டாம், ஏற்கெனவே குழைந்திருக்கும். நீங்களே எடுத்தால் எஃப்/8, சென்சார் சுவருக்கு இணையாக, மேகமூட்டமான நேரத்தில்.

எல்லாம் முடிந்தபின் மேலே 50% சாம்பல் நிரப்பிய ஓவர்லே லேயர், அதில் 3% மோனோகுரோமேட்டிக் நாய்ஸ். இரண்டு படங்களின் துகளும் ஒன்றாகிவிடும்.

கரித்துண்டு:
ரெட் சேனல் பிளெண்ட் இஃப் பிரமாதம், திட்டு போய்விட்டது. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்ய முடியுமா?

மாஸ்க்மணி:
கிம்ப்பில் பிளெண்ட் இஃப் கிடையாது, சுற்றி வர வேண்டும். டெக்ஸ்சர் லேயரை மறைத்துவிட்டு, சேனல்ஸ் பட்டியலில் ரெட்டை வலது கிளிக் செய்து 'சேனல் டு செலக்‌ஷன்', பிறகு செலக்‌ஷனை இன்வர்ட் செய்யுங்கள். டெக்ஸ்சரைத் திரும்பக் காட்டி, லேயர் மாஸ்க் சேர்க்கும்போது 'செலக்‌ஷன்' தேர்ந்தெடுங்கள். மாஸ்க் மேல் லெவல்ஸ் போட்டால் அதே பலன். ஹை பாஸ் அங்கே என்ஹான்ஸ் மெனுவில் இருக்கிறது.