மோக்காவின் அடியில் கோகோ தங்குவது ஏன்?

கேள்வி (மாலைக்கோப்பை):
எஸ்பிரெசோவும் சூடான பாலும் சேர்ந்த கோப்பையில் கோகோத்தூளைத் தூவிக் கலக்குகிறேன். எவ்வளவு கலக்கினாலும் மேலே சிறு கட்டிகள் மிதக்கின்றன. கடைசி மிடறிலோ நறநறவென்று வண்டல். கடைகளில் கிடைக்கும் மோக்காவில் இந்தத் தொல்லை இல்லையே, அதில் என்னதான் சேர்க்கிறார்கள்? இத்தாலியின் தூரின் நகரத்துப் பிச்செரினும் இதே பானம்தானா?

கருங்கொட்டை:
கோகோத்தூள் சர்க்கரையைப் போல நீரில் கரைவதில்லை. நுண்துகள்களாக மிதந்து நின்று, பிறகு அடியில் தங்கிவிடுகிறது, அவ்வளவே. அதில் எஞ்சியிருக்கும் கோகோ வெண்ணெய் நீரை ஒட்டவிடாததால், நிறைந்த கோப்பையில் தூவினால் தூள் கட்டியாகத்தான் திரளும். ஆகவே முதலில் வெறும் கோப்பையில் கோகோவையும் சர்க்கரையையும் உலர்வாகக் கலந்து, அதன்மேல் சூடான எஸ்பிரெசோவைச் சிறிதளவு மட்டும் ஊற்றிப் பசைபோலக் குழைத்து, அதன் பின்னரே மீதிக் காப்பியையும் பாலையும் சேருங்கள். பல கடைகள் சர்க்கரைப்பாகில் கோகோவை முன்பே குழைத்து வைத்த சிரப்பைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் அங்கே கட்டியும் இல்லை, இனிப்பும் தூக்கல். என் நாவுக்கு அது காப்பியையே மறைத்துவிடுகிறது.

ஆல்ப்ஸ்அடிவாரம்:
பிச்செரின் வேறு வகை. சிறிய கண்ணாடிக் குவளையில் அடியில் கெட்டியான சூடான சாக்லெட், அதன்மேல் எஸ்பிரெசோ, உச்சியில் லேசாக அடித்த பாலேடு என்று அடுக்குகளாக ஊற்றுகிறார்கள். இதன் பெயரையே தாங்கிய காப்பிக்கடை 1763இல் தொடங்கி இன்றும் தூரினில் நடக்கிறது. காப்பியும் சாக்லெட்டும் பாலும் ஒன்றாகக் கலந்த பவரெய்சா என்னும் பழைய பானத்திலிருந்தே இது பிறந்தது. மோக்காவுக்கு நெருங்கிய உறவு என்றால் அந்தப் பவரெய்சாவைத்தான் சொல்ல வேண்டும். பிச்செரினைக் கரண்டியால் கலக்காமல், குளிர்ந்த பாலேட்டின் ஊடாகச் சூடான காப்பியை உறிஞ்சுவதே அங்குள்ள வழக்கம்.

மாலைக்கோப்பை:
நன்றி, பசையாகக் குழைத்ததும் கட்டிகள் மறைந்துவிட்டன. ஆனால் லேசான புளிப்பு தெரிகிறது. அது காப்பியினாலா, கோகோவினாலா?

கருங்கொட்டை:
இரண்டினாலும் இருக்கலாம். காரம் (மிளகாய்க் காரமல்ல, புளிப்பைத் தணிக்கும் alkali) சேர்த்துப் பதப்படுத்தாத கோகோவுக்கு இயல்பாகவே புளிப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் பரப்பிய, காரம் சேர்த்த கோகோ நிறத்தில் கருத்தும் சுவையில் மென்மையாகவும் இருப்பதோடு, நீரிலும் எளிதாகப் பரவுகிறது. மிதமாக வறுத்த காப்பிக்கொட்டையில் புளிப்பு கூடுதல் என்பதால், அடர்ந்து வறுத்ததற்கு மாறிப் பாருங்கள். சிக்கரி கலந்த தூளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கோகோவின் கசப்போடு அதன் கசப்பும் சேர்ந்தால் சர்க்கரையை அள்ளிக் கொட்ட வேண்டிவரும்.