மறு: கலைச்சொல் – செவ்வாயின் 'சோல்': செந்நாள் ஆகுமா?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

செவ்வாய்க் கோளின் ஒரு நாளைக் குறிக்கும் 'சோல்' என்ற அறிவியல் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் போன வாரம் 'எல்' என்ற சொல்லை முன்வைத்தவன் நான். அதை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நண்பர்கள் சிலர் எழுதியதையும் நடுநடுவே எடுத்துப்போட்டுப் பதில் சொல்கிறேன்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. செவ்வாய்க் கோளில் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் நடுவே 24 மணி 39 நிமிடம் 35 நொடி ஆகிறது. 1976இல் நாசாவின் வைக்கிங் கலங்கள் அங்கே இறங்கிய காலத்தில் இந்த அளவைக்குச் 'சோல்' என்று பெயர் வைத்தார்கள். இலத்தீனில் சூரியன் என்று பொருள்.

> 'செவ்வாய் நாள்' என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியாது ஐயா. சென்ற மாதம் எட்டாம் வகுப்பில், செவ்வாயில் ஓடிய நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். '90 செவ்வாய் நாள்கள் ஓடினால் போதும் என்று திட்டமிட்டு அனுப்பிய வண்டி' எனப் பலகையில் எழுதினேன். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் 90 × 7 = 630 என்று போட்டு வைத்திருந்தாள். என்னம்மா இது என்று கேட்டேன். '90 செவ்வாய்க்கிழமை வரணும்னா அத்தனை நாள் ஆகும்ல சார்?' என்றாள். கணக்கு சரி. நான் எழுதிய சொல்தான் தப்பு. கோளுக்கும் கிழமைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் மொழியில் 'செவ்வாய் நாள்' என்றால் கிழமைதான் முந்திக்கொண்டு நினைவுக்கு வரும்.

> 40 நிமிடம்தானே கூடுதல், வெறும் 'நாள்' போதாதா?

அந்த 40 நிமிடம் சேர்ந்துகொண்டே போகும். ஆப்பர்சூனிட்டி 2004 ஜனவரி 25 அன்று இறங்கியது. கடைசியாகப் பேசியது 2018 ஜூன் 10. அது 5111ஆவது சோல். நம் நாள்காட்டியில் எண்ணிப் பாருங்கள், 5250 நாள் வரும். ஏறத்தாழ நாலரை மாத வித்தியாசம்! இரண்டையும் 'நாள்' என்றே எழுதினால் படிப்பவர் எதை நம்புவார்? அமெரிக்காவின் பாசடீனா நகரிலிருந்து அந்த ஊர்தியை இயக்கிய குழு முதல் சில மாதங்கள் செவ்வாய் நேரப்படியே வேலை பார்த்தது. தினமும் வேலைக்கு வரும் நேரம் 40 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்குத் தொடங்கினால் 18 நாள் கழித்து மாலை 6 மணி. பக்கத்து ஊர்க் கடிகாரக்காரர் ஒருவர் அவர்களுக்கென்றே மெதுவாக ஓடும் கைக்கடிகாரங்கள் செய்து கொடுத்தார். வாழ்க்கையையே மாற்றிப்போட்ட அளவைக்குத் தனிப்பெயர் வேண்டும்தானே?

'சோல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை. வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் 'பத்தாம் சொல்' என்றுதான் காதில் விழுகிறது.

இனி, 'எல்'. 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம். இங்கே 'இலக்கம்' என்பதற்கு ஒளி என்று பொருள். எல்லவன், எல்லோன் என்று சூரியனுக்கும் பெயர் உண்டு. 'சோல்' போலவே ஓரசைச் சொல், சூரியனோடு உறவுள்ள சொல் என்று மகிழ்ந்துபோய் எழுதிவிட்டேன். நம் குழுவின் மூத்த அம்மா ஒருவர் தனிமடலில் ஒன்றைச் சுட்டினார்: பழைய வழக்கில் 'எல்' என்பதற்குப் பகல் என்றும் பொருள் உண்டு. சோல் என்பதோ பகலும் இரவும் சேர்ந்தது.

இது சின்ன விஷயமன்று. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கியபோது, 'விக்ரம் ஒரு நிலவு நாள், அதாவது 14 பூமி நாள்கள் இயங்கும்' என்று பல செய்திகளில் படித்தோம். நிலவின் ஒரு முழு நாள் இருபத்தொன்பதரை பூமி நாள். 14 என்பது அதன் பகல் மட்டும். ஆங்கிலத்தில் நாளுக்கும் பகலுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் இது. நம்மிடம் இரண்டு சொல் இருந்தும் அதை அப்படியே இறக்கிக்கொண்டோம். 'நிலவின் ஒரு பகல்' என்று எழுதியிருந்தால் தெளிவாக இருந்திருக்கும். இப்போது 'எல்' என்று வைத்தால் அதே குழப்பத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ஆகவே செந்நாள். செந்நெல், செந்நீர் போலச் செம்மை + நாள். செவ்வாய் என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். 'நாள்' உள்ளே இருப்பதால் பகலும் இரவும் அடங்கும், கிழமையோடு முட்டாது. மறுசெந்நாள், முன்செந்நாள் என்று நீட்டவும் வரும். செம்மைக்கு நேர்மை, நன்மை என்ற பொருளும் உண்டு, நல்ல நாள் என்று எடுத்துக்கொள்வார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். '90 செந்நாள்கள்' என்று எண்ணோடு வரும்போது அந்த மயக்கம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

செவ்வாயின் நாளை 24ஆகப் பிரித்து வரும் மணிக்குச் 'செம்மணி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இலக்கணப்படி சரி. ஆனால் அது யாழ்ப்பாணத்தில் புதைகுழிகள் தோண்டப்பட்ட மண்ணின் பெயர். அந்தச் சொல்லை நாம் தொட வேண்டாம். 'செவ்வாய் மணி' போதும்.

> அமெரிக்கா வண்டி விடுகிறது, நமக்கு எதற்கு இந்தச் சொல்?

இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தந்தது. மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று, ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. சுமார் 450 கோடி ரூபாயில், முதல் முயற்சியிலேயே 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நின்றது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர். பத்து மாதம் தூங்கிய எந்திரம் திரும்பப் பற்றிக்கொள்ளுமா என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஒரு காலத்தில் செவ்வாயில் தண்ணீர் ஓடியது. ஆப்பர்சூனிட்டி கண்ட ஹெமடைட் என்ற இரும்புத் தாது உருண்டைகள் தண்ணீரில் உருவானவை. பிறகு காற்று மெலிந்தது, நீர் போயிற்று. பக்கத்து வீடு எப்படிக் காய்ந்தது என்று தெரிந்துகொள்வது நம் வீட்டுக்காகவும்தான். அந்த அறிவு தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குக் குழப்பமில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் ஒன்று முடிவாக வேண்டும். கியூரியாசிட்டி என்ற இன்னொரு நாசா ஊர்தி செவ்வாயில் இறங்கிய தினத்தை 0 என்று எண்ணினார்கள். ஆப்பர்சூனிட்டி, அதன் இரட்டை ஊர்தியான ஸ்பிரிட் இரண்டுக்கும் 1 என்று. '0ஆம் செந்நாள்' என்று எழுதுவதா, 'இறங்கிய செந்நாள்' என்பதா? எனக்கு இரண்டாவது பிடிக்கிறது. ஞாயிறுக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள், நம் கலைச்சொல் தொகுப்பில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்