நூற்புழுவின் முதுமையும் நடுக்குவாதமும்: ஓர் ஐயம்

கொடிக்கால்காரர், சோழவந்தான்:
மூன்று தலைமுறையாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. நூற்புழு என்றால் வேரில் முடிச்சுப் போட்டுக் கொடியை வாட்டிவிடும் பகை என்றுதான் எங்களுக்குத் தெரியும். இப்போது என் மகள், நூற்புழுவை ஆய்வகத்தில் வளர்த்து முதுமையையும் நரம்புச் சிதைவையும் ஆராயும் பணியில் சேரவிருக்கிறாள். என் தந்தை ஆறு ஆண்டுகளாக நடுக்குவாதத்தால் (பார்க்கின்சன் நோயால்) அவதிப்படுவதால், பேத்தியின் படிப்பு தாத்தாவுக்கு உதவுமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மனித மூளையைப் பற்றி ஒரு புழுவிடமிருந்து என்ன அறிந்துகொள்ள முடியும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஆய்வு மாணவி, பசுமலை:
ஐயா, உங்கள் கொடிக்காலைக் கெடுக்கும் புழு வேறு. ஆய்வகத்தில் வளர்க்கும் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் வேறு. இது பாக்டீரியாவைத் தின்று வாழும், செடியைத் தொடாது. 1960களில் சிட்னி பிரென்னர் என்ற உயிரியலாளர் இதைத் தேர்ந்தெடுத்து ஆராயத் தொடங்கினார். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள இதன் உடல் கண்ணாடிபோல் இருக்கும். ஆயுள் இரண்டு மூன்று வாரங்களே என்பதால், பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே மாதத்துக்குள் பார்த்துவிடலாம். இதற்கு மொத்தம் 302 நரம்பணுக்கள்; அவற்றுள், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை எட்டே எட்டு. உங்கள் தந்தையின் மூளையில் குறைந்துவருபவையும் டோபமைன் சுரக்கும் அணுக்களே. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தை இப்புழுவின் நரம்பணுக்களில் ஒளிரச் செய்யலாம் என்று 1994இல் மார்ட்டின் சால்ஃபி காட்டிய பிறகு, அந்த எட்டில் எது சிதைகிறது என்பதைப் புழு உயிரோடு இருக்கும்போதே எண்ண முடிகிறது.

என்னை இத்துறைக்கு இழுத்தது வேறொரு செய்தி. டாஃப்-2 என்னும் ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றம் புழுவின் ஆயுளை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டுகிறது என்று 1993இல் சிந்தியா கென்யன் குழுவினர் கண்டனர். அது இன்சுலின் ஏற்பியை (இன்சுலின் தரும் செய்தியை அணுவில் வாங்கிக்கொள்ளும் புரதத்தை) ஒத்த புரதத்தை உருவாக்கும் மரபணு என்பது 1997இல் தெரியவந்தது. மறதி நோயில் (அல்சைமர்) மூளையில் படியும் மனிதப் புரதத்தைப் புழுவின் தசையில் உருவாக்கினால் புழு முடங்கிப்போகும். ஆனால் டாஃப்-2 செயல்பாட்டைக் குறைத்தபோது அம்முடக்கம் தள்ளிப்போனதை 2006இல் காட்டினார்கள். முதுமையின் வேகத்தை மாற்றினால் நோயின் வேகமும் மாறுகிறது என்பதே இதன் பொருள்.

மருத்துவர், அண்ணாநகர்:
மேலே சொன்னவை சரியே; ஆயினும் தாத்தாவிடம் நம்பிக்கை கொடுத்துவிட வேண்டாம். நடுக்குவாதத்தில் திரளும் ஆல்பா சினுக்ளின் என்ற புரதம் புழுவுக்கு இயல்பில் கிடையாது. மனித மரபணுவைச் சேர்த்தே அதை வரவழைக்கிறார்கள். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து காக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் புழுவுக்கு இல்லை. நீண்ட ஆயுள் வேறு, நலமான ஆயுள் வேறு. டாஃப்-2 புழுக்கள் தம் நீண்ட வாழ்வின் பெரும்பகுதியைத் தளர்ந்த நிலையில் கழிக்கின்றன என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. மஞ்சளிலுள்ள குர்குமின் புழுவின் ஆயுளை நீட்டியதாக ஒரு முடிவு வந்தால் போதும், நாலாம் நாள் அது பொடியாகக் கடைக்கு வந்துவிடுகிறது. குர்குமின் நம் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே சேர்கிறது என்பதை அந்தப் புட்டியில் எழுதமாட்டார்கள். இப்போது தரும் மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கொடிக்கால்காரர்:
தெளிவாயிற்று, நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளிலாவது மகள் வீட்டுக்கு வர முடியுமா?

பழைய ஆய்வு மாணவி:
ஆயுள் கணக்கெடுக்கும் வாரங்களில் கடினம், ஐயா. ஒரு புழு ஏறக்குறைய முந்நூறு முட்டைகள் இடும். தாய்ப்புழுக்களை நாள்தோறும் புதிய தட்டுக்கு மாற்றாவிட்டால் குஞ்சுகளும் தாய்களும் கலந்து கணக்கே குழம்பிவிடும். அசையாதவற்றை மெல்லிய பிளாட்டினக் கம்பியால் தொட்டுப் பார்த்து, அப்போதும் அசையாவிட்டால்தான் இறந்ததாகக் குறிக்க வேண்டும். இன்குபேட்டர் 20 டிகிரியிலேயே நிற்க வேண்டும். வெப்பம் கூடினால் ஆயுள் குறையும். நம் மதுரையின் சித்திரை வெயிலில் மின்சாரம் போன ஒரு பிற்பகலில், மூன்று வாரக் கணக்கை நான் குப்பையில் கொட்டியிருக்கிறேன். அவள் சேரும் ஆய்வகத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.