கடலுக்குப் போகும் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை: சாப்பாட்டு நேரம் தவறினால் என்ன செய்வது?

கேள்வி (பாம்பன்):
விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் அப்பாவுக்கு வயது 58. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டுவந்தவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வராததால், காலை உணவுக்குச் சற்று முன் போடும்படி கிளிமிபிரைடையும் மருத்துவர் சென்ற மாதம் சேர்த்தார். போன வாரம் மாத்திரையைப் போட்டுவிட்டு, வலை இழுக்கும் அவசரத்தில் பழைய சோற்றுத் தூக்குவாளியைத் திறக்காமலேயே இருந்திருக்கிறார். கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, பேச்சும் குழறியிருக்கிறது. உடனிருந்தவர் கடுங்காப்பிக்கு வைத்திருந்த சீனியைக் கரைத்துக் கொடுத்த பிறகே தெளிந்தார். இனி எந்த மாத்திரையும் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில் 1 (மருந்தாளுநர், ராமநாதபுரம்):
தம்பி, நிறுத்த விடாதீர்கள். இரண்டு மாத்திரைகளும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைப்பதால், அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அளவுமீறி இறங்குவது அரிது. கிளிமிபிரைடோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது. வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். அப்பாவுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் தெரிகிறது. படகில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தால், அல்லது கருவியில் 70க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டி கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடித்து, பிறகு சோறு சாப்பிட வேண்டும். நினைவு தவறியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். படகு கிளம்பும் நேரத்தையும் அவர் உண்ணும் நேரத்தையும் மருத்துவரிடம் சொன்னீர்களா?

பதில் 2 (கீழக்கரை):
என் உம்மாவுக்கும் இதே மாத்திரைதான். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டோம். காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொடுத்தார். நேரத்தை மாற்ற வழியுண்டு. ஆனால் நாமாக மாற்றக் கூடாது.

பதில் 3 (தங்கச்சிமடம்):
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் எங்கள் வீட்டு ஆண்களுக்கு உழைப்பு குறைந்து சர்க்கரை ஏறிவிடும். அப்போது பார்த்த அளவை வைத்துக் கூட்டிய மருந்து, கடலில் இறங்கி வலை இழுக்கத் தொடங்கியதும் அதிகமாகிவிடலாம். எந்தத் தேதியில் பார்த்த சோதனை என்று சீட்டைப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், அக்கா, மே 27. அப்பா அப்போது வீட்டில்தான் இருந்தார். நாளைக்கே அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறேன்.