ஓட்டத்தில் பின் டயரின் மேல்பட்டை உரிந்துவிட்டது: பட்டன் (டயர் மேல்பட்டையின் வரிப்பள்ளம்) 5 மி.மீ. இருந்தும் ஏன்? (உதவி தேவை)

நெடுவழி:
வணக்கம். சனிக்கிழமை நடந்தது இது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு பேர் உட்காரும் உயரமான எஸ்.யூ.வி., செகண்ட் ஹேண்டாக வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அன்று ஏழு பேரும் இருந்தோம். கூரைக் கேரியரிலும் பைகள். உச்சி வெயில். நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் போகும்போது பின்பக்கம் இடது புறத்தில் தடதடவென்று சத்தம் வந்தது. அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது, ஓரம் கட்டிப் பார்ப்போம் என்று நினைப்பதற்குள் பெரிய அடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வண்டியின் பின்பாகம் தானாக விலகியது. நான் பிரேக்கை மிதித்தேன், இன்னும் அதிகமாக விலகியது. மனைவி "பிரேக்கை விடுங்க" என்று கத்தினாள். காலை எடுத்தேன், வண்டி நேரானது. அப்புறம் மெதுவாக ஓரத்தில் நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை.

இறங்கிப் பார்த்தால் டயரில் காற்று அப்படியே இருக்கிறது! ஆனால் சாலையில் படும் மேல்பட்டை முழுக்கக் கம்பியோடு உரிந்து போய்விட்டது. மட்கார்டும் கிழிந்திருந்தது.

எனக்குப் புரியாதவை: பட்டன் 5 மி.மீ. இருந்தது, வழுக்கை டயர் இல்லை. காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. போன வாரம் மெதுவாகப் போகும்போது பின்பக்கம் லேசாகத் துள்ளுகிற மாதிரி இருந்தது, கடையில் காட்டினேன், பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்து சரி என்று அனுப்பினார்கள். இப்போது அதே கடையில் "ஒரு டயர் மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார்கள். போதுமா? அடுத்த மாதம் மறுபடி எல்லோரும் போக வேண்டியிருக்கிறது.

ரப்பர்கை:
எல்லோரும் பத்திரமாக இருப்பதே பெரிய விஷயம். உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் சொன்னதுதான் சரியான செயல்.

இருபது வருடமாக டயர் கழற்றி மாட்டுகிறவன் நான். பதில் சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் என்ன? ஐந்து டயருக்கும் பாருங்கள், ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் உள்ள சுமைக் குறியீட்டு எண் என்ன? ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது, நீங்கள் எத்தனை வைத்திருந்தீர்கள்?

இது தெரியும்வரை அந்த வண்டியை வேகமாக எடுக்க வேண்டாம்.

மூன்றாம்கியர்:
உரிந்த டயரைக் கடையில் விட்டுவிட வேண்டாம். மிச்சத்தைப் படம் எடுத்து வையுங்கள். உற்பத்திக் கோளாறு என்றால் டயர் நிறுவனத்துக்கும் சாலைப் பாதுகாப்புத் துறைக்கும் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

நெடுவழி:
பார்த்துவிட்டேன், கொஞ்சம் அதிர்ச்சிதான்.

உரிந்த டயர் 2214. வலது பின் டயரும் 2214. முன்பக்கம் இரண்டும் 4018. ஸ்டெப்னி 0913.

பின் டயர்களின் சுமைக் குறியீடு 103. முன்னால் 108. கதவு ஸ்டிக்கரிலும் 108 என்றுதான் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்க வேண்டும்.

ஸ்டிக்கரில் சாதாரணச் சுமைக்கு 33, முழுச் சுமைக்குப் பின்னால் 38. நான் வைத்திருந்தது நான்கிலும் 26. குலுங்காமல் போகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், உண்மையிலேயே பயணம் மென்மையாக இருந்தது.

ரப்பர்கை:
சரி, இப்போது படம் தெளிவாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள். இதில் ஒரு காரணம் இல்லை, மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

2214 என்றால் 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. பட்டன் தேய்ந்ததா என்பது டயர் எவ்வளவு ஓடியது என்பதைச் சொல்லும். அதன் வயதைச் சொல்லாது. ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பருக்குள் ஊடுருவி அதைக் கெட்டியாக்கும், வெயில் அதை வேகப்படுத்தும். ஆறு வருடத்துக்கு மேல் போன டயரை மாற்றச் சொல்லும் வண்டி நிறுவனங்கள் பல. எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பது டயர் செய்கிறவர்களே சொல்வது.

இனி டயரின் உள்ளமைப்பு. ரேடியல் டயரில் மேல்பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பி இழைத்த பெல்ட் இரண்டு அடுக்காக இருக்கும். டயர் வளைந்து நிமிரும்போது அதிகத் திரிபும் சூடும் சேரும் இடம் அந்த இரண்டு பெல்ட்டின் ஓரம். விரிசல் அங்கேதான் பிறக்கும். வெளியே எதுவும் தெரியாது. விரிசல் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வளர்ந்து, ஒரு நாள் மேல் பெல்ட்டும் பட்டனும் சேர்ந்து கழன்றுகொள்ளும். கீழே உள்ள உடல் கிழியாவிட்டால் காற்று நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுவே.

காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும். மடங்குவதில் செலவாகும் சக்தியெல்லாம் சூடாகத்தான் மாறும். நீங்கள் மென்மை என்று உணர்ந்தது டயர் தன் உடம்பை வளைத்துக் கொடுத்த மென்மை.

சுமைக்கு வருவோம். 108 என்றால் ஒரு டயர் 1000 கிலோ தாங்கும். 103 என்றால் 875. கார்களுக்கான பி வகை டயரை எஸ்.யூ.வி.யில் மாட்டினால் அந்த அளவை 1.10 ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஏனென்றால் இந்த வண்டிகளில் சுமையும் ஆட்டமும் அதிகம். உங்கள் பின் டயர் அந்த வகை என்றால் கணக்கு சுமார் 795 கிலோவுக்கு வந்துவிடும். அதுவும் டயர் முழு அழுத்தத்தில் இருக்கும்போதுதான். 26 பி.எஸ்.ஐ.யில் அந்தத் தாங்குதிறன் இன்னும் குறையும். ஏழு பேரோடும் பைகளோடும் எடைமேடையில் ஏற்றிப் பின் அச்சின் எடையை ஒரு தடவை பாருங்கள்.

போன வாரம் மெதுவான வேகத்தில் துள்ளியதே, பேலன்சிங் குறை அப்படி இருக்காது. அது வேகம் ஏற ஏறத்தான் நடுக்கமாகத் தெரியும். 20, 30 கி.மீ. வேகத்தில் தப் தப் என்று துள்ளினால் டயர் ஒரு இடத்தில் புடைத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்திருக்க வேண்டும். என் தொழில் செய்கிறவர் ஒருவர் அதைத் தவறவிட்டிருக்கிறார், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரவுப்பயணி:
அப்படியானால் எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை?

ரப்பர்கை:
அமெரிக்க விதிப்படி, ஸ்டிக்கரில் உள்ள குளிர்நிலை அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால்தான் அது எரிந்தாக வேண்டும். 33க்கு 25 சதவீதம் குறைத்தால் கிட்டத்தட்ட 24.8. இவர் வைத்திருந்தது 26. எல்லைக்கு ஒரு நூல் மேலே! ஓடிச் சூடேறினால் அழுத்தம் இன்னும் ஏறும், ஏறக்குறைய 5, 6 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. விளக்கு எரிய வாய்ப்பே இல்லை. அது ஆபத்தைச் சொல்கிற கருவி. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சான்று கொடுக்காது. மாதம் ஒரு தடவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், கேஜ் வைத்துப் பாருங்கள்.

சக்கரம்22:
26 என்ற எண்ணைப் பார்த்ததும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், ஃபயர்ஸ்டோன் விவகாரம் நினைவுக்கு வந்துவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1990களில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற எஸ்.யூ.வி. எக்ஸ்ப்ளோரர். அதில் வந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓட்டத்தில் உரிந்து வண்டிகள் உருண்டன. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற சூடான மாநிலங்களில்தான் அதிகம். 2000 மே மாதம் அங்குள்ள தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இறந்தவர்கள் 270க்கும் மேல்.

அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தமே 26தான். டயர் நிறுவனம் பிறகு 30 வையுங்கள் என்றது. வண்டி நிறுவனம் டயரைக் குறை சொன்னது, டயர் நிறுவனம் வண்டியைக் குறை சொன்னது. கிட்டத்தட்ட நூறு வருட உறவு 2001 மே மாதம் முறிந்தது. அதே மாதம் ஃபோர்டு தன் செலவில் மேலும் 1 கோடியே 30 லட்சம் டயர்களை மாற்றித்தருவதாக அறிவித்தது.

மலைப்பாதை:
கடைசியில் தப்பு டயருடையதா, வண்டியுடையதா?

சக்கரம்22:
2001 அக்டோபரில் வந்த விசாரணை முடிவு பெல்ட்டின் ஓரத்தைத்தான் காட்டியது. ரப்பர்கை அண்ணன் சொன்ன அதே இடம். அந்த டயர்களின் தோள்பட்டை (மேல்பட்டையும் பக்கச்சுவரும் சேரும் இடம்) வடிவம் பெல்ட் ஓரத்தில் அழுத்தத்தைக் கூட்டியது, இரண்டு பெல்ட்டுக்கும் நடுவில் ஓரத்தில் வைக்கும் ரப்பர் போதாமல் இருந்தது. எக்ஸ்ப்ளோரரையும் விசாரிக்க வேண்டும் என்ற டயர் நிறுவனத்தின் கோரிக்கையை 2002 பிப்ரவரியில் அந்த நிர்வாகம் மறுத்துவிட்டது. டயர் உரிந்தால் மற்ற எஸ்.யூ.வி.க்களைவிட அது மோசம் என்று காட்ட முடியவில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு "அப்போது வண்டிக்குப் பிரச்சினையில்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. மற்ற எஸ்.யூ.வி.க்களும் உயரமானவைதானே! இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். கார்களுக்குப் பெரும்பாலும் 1.30 முதல் 1.50, எஸ்.யூ.வி. வகைகளுக்கு 1.00 முதல் 1.30. எண் குறையக் குறைய உருள்வது எளிது. கூரையில் பை ஏற்றினால் இன்னும் குறையும். டயரில் வரும் கோளாறு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான், தண்டனை உயரமான வண்டிக்கு அதிகம்.

காற்றழுத்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிய சட்டமும் இந்த விவகாரத்தில் பிறந்ததே. 2000 நவம்பரில் கையெழுத்தானது.

மலைப்பாதை:
நைட்ரஜன் அடித்தால் இந்தச் சூட்டுப் பிரச்சினை வராது என்கிறார்களே?

ரப்பர்கை:
கசிவு கொஞ்சம் குறையும், உள்ளே ஈரம் இருக்காது. 26 நைட்ரஜனும் 26தான். டயர் அதே அளவு மடங்கும், அதே அளவு சூடாகும்.

இரவுப்பயணி:
ஓட்டுகிறவர்களுக்காக ஒன்று. எனக்கும் ஒரு முறை பின் டயர் போனது, அதனால் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சத்தம் கேட்டதும் பிரேக் வேண்டாம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து வண்டியை நேராக வைப்பது மட்டும்தான் முதல் வேலை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல விடுங்கள். வேகம் தானாக இறங்கட்டும். நன்றாக இறங்கிய பிறகு லேசாகப் பிரேக். பதறி எதிர்ப்பக்கம் ஒடித்தால் வண்டி குறுக்காகத் திரும்பும். குறுக்காக வழுக்கும் உயரமான வண்டியின் சக்கரம் ஓரத்து மண்ணில் புதைந்தால் அங்கேயே உருளும். அப்புறம், மூன்றாவது வரிசையில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போட வேண்டும். உருளும் வண்டியிலிருந்து வெளியே எறியப்படுவதுதான் உயிரை எடுக்கும்.

நெடுவழி:
மூன்றாவது வரிசையில் என் தங்கையின் பிள்ளைகள் இருந்தார்கள். பெல்ட் போட்டிருக்கவில்லை. இதை எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது. இனி பெல்ட் சத்தம் கேட்காமல் சாவியைத் திருப்ப மாட்டேன்.

ஒரு டயர் போதுமா என்ற கேள்விக்கு மட்டும் நேரடியாகப் பதில் சொல்லுங்கள் அண்ணா.

ரப்பர்கை:
போதாது. வலது பின் டயர் அதே வாரத்தில் பிறந்து, அதே சுமையைச் சுமந்து, அதே 26இல் ஓடியது. அதை நம்பாதீர்கள். ஸ்டெப்னியின் பட்டன் புதுசாக இருக்கும், ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் கிழடு. முன் டயர்களும் ஆறு வருடம் தாண்டியவை, அவையும் குறைந்த காற்றில் ஓடியவை. கையில் பணம் இருந்தால் ஐந்தும். இல்லையென்றால் இப்போது பின்னால் இரண்டு 108, அடுத்து ஸ்டெப்னி, பிறகு முன்பக்கம். இரண்டு மட்டும் புதிது என்றால் அவை பின்னால்தான் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், பின் டயர் வழுக்கினால் சுழலும்.

நெடுவழி (பத்து நாள் கழித்து):
வேறு கடையில் கழற்றிப் பார்த்தோம். வலது பின் டயரின் தோளில் கை வைத்துத் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு மேடு. உள்ளே கறுப்புப் பொடி கொட்டிக் கிடந்தது, பக்கச்சுவர் மடங்கி மடங்கி உதிர்ந்த ரப்பராம். இன்னும் ஒரு பயணம் தாங்கியிருக்காது என்றார் அவர்.

எடைமேடையிலும் ஏற்றினேன். எல்லோரும் பைகளோடு ஏறியபோது பின் அச்சு 1490 கிலோ. ஒரு டயருக்கு 745. அந்த 795 கணக்கைப் பார்த்தால் முழுக் காற்றிலேயே விளிம்புதான், நான் ஓட்டியதோ 26இல்.

ஐந்தும் 108இல் மாற்றிவிட்டேன், எல்லாம் இந்த வருடம் செய்தவை. காலையில் 33, முழுச் சுமைக்குப் பின்னால் 38. கொஞ்சம் குலுங்குகிறது, குலுங்கட்டும். கூரைப் பைகளைக் குறைத்துவிட்டோம். பழைய டயர்களின் பக்கச்சுவரை என் முன்னாலேயே அறுக்கச் சொன்னேன். யாராவது எடுத்துப்போய் செகண்ட் ஹேண்டாக இன்னொரு வண்டியில் மாட்டிவிடக் கூடாது.

ரப்பர்கை:
அறுக்கச் சொன்னீர்கள் பாருங்கள், ரொம்பச் சந்தோஷம். புது டயர் மாட்டி 80, 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

நெடுவழி:
இன்று பார்த்தேன் அண்ணா. இடது பின் சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று ஏறியது.