சோர்ந்த நாட்களில் எங்களைத் தாங்கிய விசுவாசம்: அனுபவப் பகிர்வு

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து, மாந்தோப்பு விவசாயி:

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். மனம் உடைந்திருந்த காலத்தில் விசுவாசம் எப்படித் தாங்கியது என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது 2025ஆம் ஆண்டின் மாம்பழப் பருவம்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பெங்களூரா ரகம்தான். மாங்கூழ் ஆலைகளை நம்பித்தான் அதை வளர்க்கிறோம். அந்த ஆண்டு காய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் பழைய கூழே விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்று ஆலைகள் கொள்முதலைக் குறைத்துக்கொள்ள, விலை கிலோ 5 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. பறிகூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் எதுவும் நிற்காத விலை அது. என் சொந்தத் தோப்போடு, பூ விட்ட நேரத்திலேயே கடன் வாங்கிப் பக்கத்துத் தோப்பையும் குத்தகைக்கு எடுத்திருந்தேன். பறிக்க ஆள் விட முடியாமல் பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து அழுகின. அந்த வாடை வீடு வரைக்கும் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பகலிலும் படுத்தே கிடப்பேன்.

ஆலயத்துக்குப் போவதும் நின்றுபோயிற்று. ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசலில் நலம் விசாரிப்பவர்களிடம் "தேவ கிருபையால் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் சபையில், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு நாள் மதியம் தூக்குப் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே கேழ்வரகுக் களியும் கொள்ளுக் கடைசலும் இருந்தன. என் மனைவியிடம் தட்டு வாங்கி, களியைத் தாமே எடுத்து வைத்து, நடுவில் குழி செய்து கடைசலை ஊற்றி, "சாப்பிடு தம்பி, பிறகு பேசலாம்" என்றார். நான் சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் எதுவும் பேசவில்லை. பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமும் அப்படியே வந்தார். நானாகவே "அம்மா, ஏதாவது வாசியுங்கள்" என்று கேட்ட பிறகுதான் பையிலிருந்த வேதாகமத்தை எடுத்து, முதலாம் இராஜாக்களின் புத்தகம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தார்.

சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்ட எலியா தீர்க்கதரிசியின் கதைதான். ஆனால் அன்று அதை வேறு விதமாகக் கேட்டேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட மனிதர், யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். அவரைக் கர்த்தர் அதட்டவில்லை. தூதன் அவரைத் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டுகிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறை எழுப்பிச் சாப்பிடச் சொல்லும்போதுதான் போகவேண்டிய வழி வெகுதூரம் என்ற பேச்சே வருகிறது. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்பதோ, அவர் 40 நாள் நடந்து ஓரேப் மலையைச் சேர்ந்த பிறகுதான். வாசித்து முடித்த அம்மா, "ஆண்டவர் முதலில் அவரைத் தூங்க விட்டார், சாப்பிட வைத்தார், கேள்வியைப் பிறகுதான் கேட்டார்" என்று மட்டும் சொன்னார். களியோடு அவர் ஏன் பேசாமல் வந்து போனார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தை நானே திரும்பத் திரும்ப வாசித்தேன். அத்திமரம் துளிர்விடாமல், திராட்சச்செடியில் பழம் இல்லாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார் அந்தத் தீர்க்கதரிசி. அவருடைய மரங்களில் பழமே இல்லை. எங்கள் மரங்களிலோ பழம் இருந்தும் வாங்க ஆள் இல்லை. அந்த மகிழ்ச்சி எனக்கு உடனே வந்துவிடவில்லை. ஆனால் இழந்தவற்றை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்த பிறகே அவர் துதிக்கிறார் என்பதைக் கவனித்தேன். நானும் கடன் கணக்கு எழுதிய நோட்டை எதிரே வைத்துக்கொண்டு, தொகை தொகையாகச் சொல்லி ஜெபித்தேன். அதன் பிறகுதான் கடன் கொடுத்தவரை நேரில் பார்த்துத் தவணை கேட்கும் தைரியம் பிறந்தது, அவரும் இசைந்தார். மரங்களுக்கு இடையே கிடந்த நிலத்தில் கொள்ளு விதைத்தேன். கடன் இன்னும் தீரவில்லை. ஆலயத்துக்கு மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

தருமபுரியிலிருந்து, சபையின் மூத்த உறுப்பினர்:

தம்பி எழுதியதை வாசித்தேன். விசுவாசம் உறுதியாக இருந்தால் சோர்வே வராது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனால்தான் சோர்ந்தவர்கள் ஆலயத்தைவிட்டே விலகி நிற்கிறார்கள். பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்கு ஆசியாவில் தமக்குப் பாரம் உண்டாயிற்று என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே பவுல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் மறைக்காததை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் தமிழ் மண்ணிலும் சான்று இருக்கிறது: 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய, டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரி சீகன்பால்க்கை டேனிஷ் கோட்டைத் தளபதியே 1708இல் சிறையில் அடைத்தார், ஏறக்குறைய நான்கு மாதம் அவர் உள்ளே கிடந்தார். வெளியே வந்தும் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்ப்பதை விடவில்லை. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி நிறைவேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரைதான் அவரால் முடிக்க முடிந்தது, 1719இல் காலமானார். மிச்சத்தை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே முடித்தார். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்துவைப்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது.

பாலக்கோட்டிலிருந்து, ஒரு சகோதரி:

என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தருமபுரியில் முதல் சிகிச்சை முடிந்து, வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போனோம். படுக்கைப் புண் வராதிருக்க அவரை இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சுற்றும். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் 121ஆம் சங்கீதத்தில் ஒரு வசனத்தைச் சொல்வேன். "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்ற இடம் வரும்போது, இந்த அறையில் விழித்திருப்பது நான் மட்டும் அல்ல என்று தோன்றும்.

பார்க்க வந்த சிலர், முழு நம்பிக்கையோடு ஜெபித்தால் அவர் எழுந்து நடப்பார் என்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், ஆனாலும் நடக்காத ஒவ்வொரு நாளும் எங்கள் விசுவாசத்தின் குறைவு என்றுதானே அதற்குப் பொருள்? அந்தப் பேச்சு அவரை மிகவும் நொறுக்கியது. சக்கர நாற்காலியில் உட்கார மாட்டேன், உட்கார்ந்தால் நடக்கப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பிடிவாதமாகப் படுத்திருந்தார்.

அங்கே எங்களுக்கு முன்பே வந்திருந்த வயதான நோயாளி ஒருவர்தான் தம் நாற்காலியை உருட்டிக்கொண்டு கட்டிலருகே வந்து, டாக்டர் மேரி வர்கீசைப் பற்றிச் சொன்னார். 1954இல் நடந்த வண்டி விபத்தில் அந்த அம்மாவுக்கும் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால்தான் 1966இல் அந்த மறுவாழ்வு மையமே திறக்கப்பட்டது. "அந்த அம்மாவும் நடக்கவில்லை தம்பி, ஆண்டவரை விடவும் இல்லை" என்றார் பெரியவர். என் வீட்டுக்காரர் எதுவும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை பயிற்சியாளர் வந்தபோது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி என்று தாமாகவே கேட்டார். பலகையை இடையில் வைத்து, இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி நகர்த்த வேண்டும். முதலில் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

இப்போது வீட்டு முன்பக்கத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கல்லாவில் அவர்தான் உட்காருகிறார். நான் சரக்கு எடுத்துக் கொடுக்கிறேன். நடக்க வேண்டும் என்று இன்றும் ஜெபிக்கிறோம், அதை மறைக்கவில்லை. அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வேலூர் போகிறோம். இடுப்பில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது; அதற்காகப் பெயர் சொல்லாமலே ஜெபித்துக்கொள்ளுங்கள்.