பிகின் பாட்டு லிஸ்ட்: "நதா சோசோ" யாரோட பாட்டு?

அலைவாசி:
ராத்திரி வேலை முடிச்சு வந்து மனசு ஆற ஏதாவது கேக்கணும்னா ஜப்பான்ல ஒகினாவா தீவுப் பக்கத்து பேண்ட் பிகின் கேளுங்க. ஹிகா எய்ஷோ, ஷிமாபுகுரோ மசாரு, உவேச்சி ஹிதோஷி, மூணு பேரும் இஷிகாகி தீவுக்காரங்க. புதுசா கேக்கறவங்களுக்கு என் லிஸ்ட்: கொய்ஷிகுதே, ஷிமன்ச்சு நு தகாரா, சன்ஷின் நோ ஹனா, ஓரியன் பீர் பாட்டு, அப்புறம் நதா சோசோ. கடைசி பாட்டு பாடகி நட்சுகாவா ரிமியோடது, பிகின் கவர் பண்ணிருக்காங்க, அதாவது அவங்க பாட்டை எடுத்துப் பாடிருக்காங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

சன்ஷின்சாமி:
கவரா??? யாரு யாரைக் கவர் பண்ணாங்க? மெட்டு போட்டதே பிகின். 1998ல பாடகி மோரியாமா ரியோகோ முதல்ல பாடினாங்க, வரி அவங்களோடது. 2000ல பிகின் பாடினாங்க. ரிமி பாடினது 2001. 2001 முன்னாடி வருதா 2000 முன்னாடி வருதா? லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் செலவு பண்ணிருக்கலாம். "அதுவும் நல்லாத்தான் இருக்கும்"னு பிச்சை போடற மாதிரி ஒரு வரி வேற.

அலைவாசி:
சார் யாரு முதல்ல பாடினாங்கன்னு தப்பா சொன்னேன், சரி. ஆனா ஊர் உலகத்துக்கு அந்தப் பாட்ட கொண்டு போனது ரிமிதான், எவனைக் கேட்டாலும் அந்தக் குரலைத்தான் சொல்வான். அந்த அர்த்தத்துலதான் ரிமி பாட்டுன்னு எழுதினேன்.

சன்ஷின்சாமி:
"அந்த அர்த்தத்துல"னு இப்ப சொல்றீங்க. எழுதினது "கவர்". கவர்னா கவர். அந்தம்மாவும் இஷிகாகிதான், பிகின் பாடினதைக் கேட்டுட்டு அவங்களே கேட்டு வாங்கிப் பாடினது. கொடுத்தவன் எப்படிங்க வாங்கினவனைக் கவர் பண்ணுவான்?

மழைச்சத்தம்:
ரெண்டு பேரும் மோரியாமாவ அப்படியே தாண்டிப் போறீங்க. பிகின் அனுப்பின டேப்புல மெட்டும் தலைப்பும் மட்டும்தான் இருந்துச்சு. அந்தத் தலைப்புக்கு ஒகினாவா பேச்சுல என்ன அர்த்தம்னு கேட்டாங்க, கண்ணீர் பொலபொலன்னு கொட்டறதுன்னு தெரிஞ்சதும் சின்ன வயசுலயே போயிட்ட தன் அண்ணனை நெனச்சு வரி எழுதினாங்க. பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாக்கற அந்த முதல் வரி அவங்க வீட்டு துக்கம். அப்ப அது யாரோட பாட்டு? மோரியாமா பாட்டு. முதல்ல பாடினதும் அவங்கதான்.

சன்ஷின்சாமி:
தலைப்பே பிகின் கொடுத்ததுன்னு நீங்களே எழுதிட்டீங்க. நன்றி.

மழைச்சத்தம்:
தலைப்பு வெச்சா பாட்டு சொந்தமாயிடுமா? நல்ல கணக்கு.

கேசட்_காலம்:
கொய்ஷிகுதேவ முதல்ல போட்டதுக்கு அலைவாசிக்கு ஒரு சபாஷ். 1989ல டிவி பேண்ட் போட்டில அந்தப் பாட்டோட வந்து, 1990ல ரெக்கார்டு ஆனது. சுத்தமான ப்ளூஸ். சன்ஷின்னு அந்த ஊர் மூணு தந்தி வாத்தியம் இருக்கே, அதுல ஒரு தந்தி கூட கிடையாது, தீவு வேஷம் கிடையாது. எனக்கு அந்த பிகின்தான் பிகின். அப்புறம் வந்ததெல்லாம் டூரிஸ்ட்காரனுக்குப் போட்டது.

சன்ஷின்சாமி:
கேசட் அண்ணே, போன மாசமும் வேறொரு இழையில இதே டூரிஸ்ட் கதைதான் விட்டீங்க, நான் பதில் போட்டதும் காணாம போனீங்க. மறுபடியும் சொல்றேன். ஷிமன்ச்சு நு தகாரா டூரிஸ்ட்காரனுக்கு எழுதினதில்ல. இஷிகாகில ஸ்கூல் பசங்க தங்க ஊரைப் பத்தி எழுதிக் கொடுத்த வார்த்தைல இருந்து வந்த பாட்டு அது, 2002. பொறந்த தீவோட வானத்தைப் பத்தி, கடலைப் பத்தி எனக்கு என்னதான் தெரியும்னு தீவுக்காரன் தன்னையே கேட்டுக்கறான். சன்ஷின் நோ ஹனால தாத்தா விட்டுட்டுப் போன சன்ஷின் யாரும் தொடாம, புள்ள பொறந்தப்ப வாங்கி வெச்ச சாராயத்து மேல சாஞ்சு கெடக்கு. விரலால தூசியத் தொடச்சு, தளர்ந்து போன தந்திய முறுக்கறான். வீட்டுல அப்படி ஒண்ணு கெடந்தவனுக்குத்தான் அந்த இடம் தொண்டைய அடைக்கும். ஓட்டல் ரூம்ல தங்கறவனுக்கு இல்ல.

கேசட்_காலம்:
காணாம போகல, எனக்கு வேலை இருந்துச்சு. பாம்புத் தோல் போத்தின வாத்தியத்த வாசிச்சா மட்டும்தான் மண்ணின் இசையா? அந்த மலைப்பாம்பு ஒகினாவால கிடையவே கிடையாது, தென்கிழக்கு ஆசியால இருந்து வர்ற தோல்.

சன்ஷின்சாமி:
தோல் எங்கிருந்து வந்தா என்ன? 1945ல ஒகினாவால அமெரிக்காவோட நடந்த சண்டைக்கு அப்புறம் கேம்ப்ல அடைபட்ட ஜனங்க காலி டப்பாவ எடுத்து, பாராசூட் கயித்தத் தந்தியா கட்டி சன்ஷின் செஞ்சு வாசிச்சாங்க. தோலே இல்லாமலும் அது சன்ஷின்தான். ஜூன் 23 அங்க அந்தச் சண்டைல செத்தவங்களுக்கு நினைவு நாள், அடுத்த நாள் 24ஐ பாட்டு நாளா வெச்சு 2001ல இருந்து கச்சேரி நடத்தறது இதே பிகின்தான். இவங்களைப் போயி டூரிஸ்ட் பேண்டுன்னு சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வருது?

நிலா_டீ:
பாம்புத் தோலை விடுங்க, எனக்கு ஒரு சந்தேகம். பிகின் கச்சேரில நாலு தந்தி வெச்சு ஒரு குட்டி கிட்டார் வாசிக்கறாங்களே அது என்ன? யாராவது கத்துக்கிட்டிருக்கீங்களா?

அலைவாசி:
இச்சிகோ இச்சியே. பிகினும் யாய்ரி கிட்டார் கம்பெனியும் சேர்ந்து 2003ல செஞ்சது, சன்ஷினும் கிட்டாரும் கலந்த மாதிரி. ஒரே விரலை நாலு தந்திக்கும் குறுக்க வெச்சு அழுத்தினா போதும், கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கற சுரங்க, வந்துடும். கிட்டார்ல எஃப் கார்டு பிடிக்க முடியாம விட்டவங்களுக்கு வரம். நான் வெச்சிருக்கேன், ரெண்டே நாள்ல ஒரு முழுப் பாட்டு வந்துடுச்சு.

சன்ஷின்சாமி:
எந்தப் பாட்டு? உங்க "கவர்" பாட்டா?

அலைவாசி:
ஆமா சார், நதா சோசோதான். ரிமி பாடற ஸ்ருதிலதான் வாசிச்சேன், போதுமா?

மழைச்சத்தம்:
மோரியாமா பாட்டு.

தெக்குக்கடல்:
எல்லாரும் ஒகினாவா பேண்ட் ஒகினாவா பேண்ட்னே சொல்லிட்டிருக்கீங்க. இஷிகாகி இருக்கறது யாயேயாமா தீவுக் கூட்டத்துல. ஒகினாவா தலைநகர் நாஹால இருந்து 400 கிலோமீட்டர் தள்ளி, தைவான் அதைவிடக் கிட்ட. பேச்சு வேற, பாட்டு மரபு வேற. பிகினே தங்க தீவுப் பாட்டு ஆல்பத்துக்கு ஓமோதோ மலை பேரைத்தான் வெச்சாங்க, அந்த மலை இஷிகாகில இருக்கு. மொத தப்பு அங்க, கவர்ல இல்ல.

கேசட்_காலம்:
ஒகினாவா மாகாணத்துலதானே வருது? அப்புறம் என்ன?

தெக்குக்கடல்:
மாகாணம்ங்கறது ஆபீஸ்ல போட்ட கோடு. ஒரு தடவையாவது அங்க போயிருக்கீங்களா?

கேசட்_காலம்:
போனாத்தான் பாட்டு கேக்கணும்னு புது ரூலா?

சன்ஷின்சாமி:
தெக்குக்கடல் சொல்றது உண்மைதான், ஆனா இப்ப அது பேச்சு இல்ல. தலைப்புக்கு வாங்க. லிஸ்ட் இன்னும் திருத்தல, நான் இப்பத்தான் பாத்தேன். "கவர்" அப்படியே இருக்கு. நாளைக்கு புதுசா ஒரு பையன் இதைப் படிச்சுட்டு பிகின் யாரோ ஒருத்தர் பாட்டை எடுத்துப் பாடினாங்கன்னு நம்புவான். எனக்கு அதுதான் எரியுது. மெட்டு பிகின், 2000ல பிகின், 2001ல ரிமி.

மழைச்சத்தம்:
1998ல மோரியாமா. அதை ஏன் விட்டுட்டீங்க?

சன்ஷின்சாமி:
விடல, என் மொத பதிவுலயே இருக்கு, மேல போயி படிங்க.

நிலா_டீ:
நான் இப்ப எந்தப் பாட்டுல ஆரம்பிக்கறது?

அலைவாசி:
சன்ஷின் நோ ஹனா கேளுங்க. லிஸ்ட்ட நான் திருத்த மாட்டேன் சார், என் காதுக்கு அது ரிமி பாட்டு.

சன்ஷின்சாமி:
அப்ப காதுக்குன்னு எழுதுங்க, கவர்னு எழுதாதீங்க.